போவது பிழையா?

சென்ற மாதம் என் மாணவனொருவன் நற்சான்றிதழ் பெறுவதற்காகக் கொட்டாஞ்சேனையிலுள்ள என் இல்லத்துக்கு வந்திருந்தான். கனடாவிலே மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கின்றதாம். கையொப்பமிட்டுக் கொடுத்தேன். வாசல்வரை சென்றவன் திரும்பி வந்து, "ஐயா, நாட்டை விட்டுப் போவது பிழையா?" என்று வினவினான். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவனைப் போன்ற மாணவரையும் அவர்தம் பெற்றோரையும் மனத்திற் கொண்டு இன்று விடையிறுக்க முயல்கின்றேன்.

கடல் கடத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறிப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் எழுதுவினைஞராய்க் கடமையாற்றினர். அவர்களுட் பலர் முதுமையில் ஊர் திரும்பி, 'மலாயன் பென்சனியர்' என்ற பெயரோடு மதிப்பாய் வாழ்ந்தனர். அவர்கள் சென்றது திரும்பி வருவதற்காகவே.

பின்னர் நிகழ்ந்த பயணங்கள் அத்தகையன அல்ல. 1956ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டத்தின் பின் பறங்கியர் பெருந்தொகையாய் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, இந்திய வம்சாவளியினர் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவர்களுட் பலர் இம்மண்ணிலே பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது இரத்மலானை இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. தலைநகரில் வாழ்ந்தோர் காங்கேசன்துறைக்குக் கப்பலேறினர். சொந்த நாட்டுக்குள்ளேயே கடல்வழி அகதிகள்! மூன்றாண்டுகளின் பின், 1986 ஆகஸ்டில், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த தமிழர் 155 பேரை மீனவர் மீட்டனர். இவர்களையெல்லாம் நோக்கி 'ஏன் போனாய்?' என்று கேட்பதற்கு யாருக்கு உரிமையுண்டு?

என் சிற்றப்பாவும் 1983இல் வெள்ளவத்தை வீட்டை இழந்து, பின்னர் கனடா சென்றவர். சில ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்திருந்தார். காலி வீதியிலே என் மகள் கடைக்காரரோடு உரத்த குரலில் தமிழிலே விலை பேசினாள். சிற்றப்பா திடுக்குற்று அவள் கையைப் பற்றி, "மெல்லக் கதை, பிள்ளை" என்றார். சுற்றிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள், தமிழ்ப் பேச்சொலி. ஆயினும் அவருக்கு அது 1983ஆம் ஆண்டின் வீதி. மகள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கேயும் அவர் அமைதியாய் வாழவில்லை. ஒரே தொடர்மாடியில் வசிக்கும் ஊரவர் ஒருவரோடு, பழைய இயக்கப் பிணக்குக் காரணமாக, பல ஆண்டுகளாய்ப் பேச்சில்லையாம். கடலைக் கடந்தவர் பிரிவினையைக் கடக்கவில்லை. புறப்பட்ட ஆண்டிலேயே அவருடைய நாடும் நின்றுவிட்டது, பகையும் நின்றுவிட்டது.

ஆனால் நாடு நிற்பதில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்காக நீண்ட வரிசைகளிலே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் அனைவரும் நின்றனர். எரிபொருளும் மின்சாரமுமின்றி அனைவரும் ஒருங்கே வாடிய காலம் அது. ஒரே நாட்டுப் பிள்ளைகள் என்பதை அவ்வரிசை எத்தனை பேருக்கு உணர்த்தியதோ!

ஆகவே, தம்பி, போவது பிழையன்று. தன் பிள்ளைகள் நிலைத்து வாழ இடந்தராத அரசியலே பிழை. அதை மறந்துவிடு என்று நான் சொல்லேன். எரிந்த வீட்டை எரியவில்லை என்பது பொய்யாகும். நடந்ததைத் தெளிவாய் அறிந்துகொள். ஆனால் நாளை உன் பிள்ளைகளுக்கு நம் மொழியைக் கொடு. நம் பகையைக் கொடாதே. விடுமுறையில் வந்து, நீ விட்டுச்சென்ற நாட்டையல்ல, இன்றிருக்கும் நாட்டைப் பார்.

இங்கே தங்குவோரும் ஒன்று செய்யலாம். அச்சத்தோடு வந்திறங்கும் சிற்றப்பாக்களைக் கண்டு நகையாது, அவர்களுடன் காலி வீதியிலே சற்று மெதுவாய் நடக்கலாம்.