ஊமையான அட்டை

லினக்ஸ் கணிப்பொறியைத் தொடங்கினீர்கள். வலையமைப்பு மட்டும் கிடைக்கவில்லை. வலையமைப்பு அட்டை பழுது என்று உடனே முடிவு கட்டலாமா?

பிசிஐ வகை அட்டை ஒவ்வொன்றிலும் தயாரிப்பாளர் எண், கருவி எண் என இரண்டு எண்கள் பதிந்துள்ளன. இன்டெல் நிறுவனத்தின் எண், பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில், 8086. 1978இல் அது வெளியிட்ட புகழ்பெற்ற நுண்செயலியின் பெயரும் இதுவே! தொடங்கும்போது லினக்ஸ் இவ்வெண்களைப் படித்து, பொருத்தமான ‘டிரைவர்’ நிரலை ஏற்றுகிறது. சில அட்டைகளுக்கு ‘ஃபர்ம்வேர்’ என்னும் கோப்பும் தேவை. இரண்டில் ஒன்று இல்லாவிடினும் நல்ல அட்டையும் ஊமைதான்.

கட்டளைத் திரையில் டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்து சிறிய எழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள். தொடக்கக் குறிப்புகள் வரும். விடுபட்ட ஃபர்ம்வேர் கோப்பின் பெயர் பெரும்பாலும் அவற்றில் இருக்கும். அதை வேறொரு கணிப்பொறியில் பெற்று, பென்டிரைவில் கொண்டுவந்து, ‘ஃபர்ம்வேர்’ அடைவில் வைத்து மீண்டும் தொடங்குங்கள். திருப்புளியை எடுக்குமுன் குறிப்பைப் படிப்பதே அறிவியல் முறை!