காற்றைக் கட்டி வைக்கும் மலை

நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். ஊறுகாயை ஜாடியில் போட்டு வருஷக் கணக்கில் காப்பாற்றலாம். மின்சாரத்தின் சமாசாரம் வேறு. அது கல்லிலிருந்து நேரே இலைக்கு வரும் தோசையைப் போன்றது. நாம் விசிறியைத் திருகும் அதே க்ஷணத்தில், எங்கோ ஒரு யந்திரம் அதற்கு வேண்டிய சக்தியை உண்டாக்கியே தீரவேண்டும்.

வரவும் செலவும் ஒத்திருக்கின்றனவா என்று அறிய ஓர் அடையாளம் உண்டு. நம் தேசத்து மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. செலவு மிஞ்சினால், பாரம் தாங்காத வண்டி மாடுகளைப் போல யந்திரங்கள் தளர்ந்து, அந்த எண் கீழே இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் மேலே ஏறும். 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் அதை நிறுத்த வேண்டுமென்பது விதி. எவ்வளவு குறுகலான வரப்பு, பாருங்கள்!

மின்பாதைகளின் கட்டுக் குலைந்தால் என்ன ஆகும் என்பதை 2012-ஆம் வருஷம் ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா கண்டது. அதிகப் பாரம் சுமந்த பாதை ஒன்று துண்டித்துக் கொள்ளவே, மற்றவையும் வரிசையாக விழுந்தன. இரண்டாம் நாள், 60 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் பிரதேசத்தில் மின்சாரம் நின்றது. ரயில்கள் நடுவழியில் நின்றன.

நிலக்கரி யந்திரத்தை வேண்டும்போது முடுக்கலாம், தணிக்கலாம். காற்றும் வெயிலும் நம் சொல் கேட்குமா? ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில், தென்மேற்குப் பருவத்தில், ஊர் உறங்கும் நள்ளிரவிலும் காற்று சுழற்றி அடிக்கும். பருவம் முடிந்ததும் ஓய்ந்துவிடும். சூரிய பகவானோ மத்தியானத்தில் வாரி வழங்கிவிட்டு, வீட்டில் விளக்கேற்றும் வேளையில் விடை பெற்றுக்கொள்கிறார். கொள்வாரில்லாத நேரத்தில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்ல நேர்ந்ததும் உண்டு. வாசல் தேடி வந்த லக்ஷ்மியைத் திருப்பி அனுப்புவதல்லவா இது?

இதற்கு ஒரு பரிகாரம் ஆனைமலையில் இருக்கிறது. கோயம்புத்தூர் ஜில்லாவின் கடம்பாறையில், மலையைக் குடைந்து அமைத்த நிலவறையில் நான்கு யந்திரங்கள் உள்ளன. மின்சாரம் மிஞ்சும் வேளையில் அவை கீழே மேல் ஆழியாறு அணையிலுள்ள ஜலத்தை மலைமேல் கடம்பாறை அணைக்கு ஏற்றும். தேவை மிகும் வேளையில் அதே ஜலம் கீழே பாய்ந்து, அதே யந்திரங்களைச் சுழற்றி மின்சாரம் தரும். இம்முறையில் நாலு பங்கு செலவிட்டால் சுமார் மூன்று பங்குதான் திரும்பும். அனைத்தும் வீணாவதைவிட அது மேலல்லவா?

ஆனால், கடம்பாறையின் சக்தி 400 மெகாவாட். தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் சக்தியோ 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஒரு குதிர் எத்தனை களத்து நெல்லைத் தாங்கும்? 2013 டிசம்பர் 31-இல் தென்னாட்டு மின்பாதைகள் வடநாட்டுப் பாதைகளோடு இணைந்தன. மிஞ்சியதை வடநாட்டு மாகாணங்களுக்கு அனுப்ப அதனால் வழி விரிந்தது. அதுவும் போதாது. இன்னும் பல கடம்பாறைகளும், பெரிய பாட்டரிகளும் வேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. தண்ணீர் ஏற்றும் மோட்டாரையும் துணி துவைக்கும் யந்திரத்தையும் மாலையில் ஓட்டாமல் நண்பகலில் ஓட்டினால், அந்தப் பாரத்தை வெயிலே சுமக்கும். வெயில் உள்ளபோதே வடாம் பிழிந்து உலர்த்த நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். அந்தப் பழைய கெட்டிக்காரத்தனத்தை மின்சார விஷயத்திலும் நாம் காட்டவேண்டிய காலம் வந்திருக்கிறது.