கருப்பட்டி கசியாதிருக்க

கோடையில் வாங்கிய நல்ல கருப்பட்டி, ஆனிச் சாரல் தொடங்கியதும் கசிந்து ஓலைப்பெட்டியின் அடியில் பாகாய் நிற்கும். உடனே கடைக்காரரைக் குறை சொல்லிவிடுகிறோம். கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டே இதன் காரணத்தைப் பார்ப்போம்.

சீனியின் சுக்ரோஸ், காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 85 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கரையும். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்கு 62 சதவீதமே போதும். கருப்பட்டியில் உள்ளதுபோல் இரண்டும் கலந்திருந்தால் அதற்கும் முன்பே கசிவு தொடங்கும். கியூபா சுருட்டைப் பதமாக வைக்க 65 முதல் 70 சதவீத ஈரம் வேண்டும். கருப்பட்டிக்கு அந்த ஈரமே கூடுதல். இரண்டு பருவமழையும் கடல்காற்றும் உள்ள குமரி மாவட்டத்தில் அதைக் காப்பது லேசான வேலையல்ல.

நம் பாட்டிமார் அதை அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார்கள். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீர் அப்படியே இருக்க, ஈரப்பதம் மட்டும் 46 சதவீதத்துக்கு இறங்கிவிடும். விறகுப் புகை பூஞ்சையையும் பூச்சியையும் அண்டவிடாது.

கேஸ் அடுப்பு வந்தபின் பரணில் அந்தச் சூடு இல்லை. ஆகவே வெயில் நாளிலேயே கருப்பட்டியை இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் பரணியில் போட்டுவிடுங்கள். அன்றாடத் தேவைக்குக் கொஞ்சத்தை உடைத்துச் சிறு டப்பாவில் தனியாக வையுங்கள். பெரிய பரணியை அடிக்கடி திறக்க வேண்டாம். ஈரக்கை படக்கூடாது. ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். குளிர்ந்த கட்டிமேல் காற்றின் ஈரம் நீராய்ப் படியும். குளிர் விட்டபின் திறந்தால் போதும்.

ஆனால் கருப்பட்டியின் ஆயுள் நம் அடுக்களையில் தொடங்குவதில்லை. பனையின் உச்சியில் கட்டிய கலயத்தில் தொடங்குகிறது. கலயத்தின் உள்ளே பூசிய சுண்ணாம்புதான் அக்கானியை, அதாவது பதநீரைப், புளிக்கவிடாமல் தடுக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பேறும்; காய்ச்சும்போது அந்தப் புளிப்பு சுக்ரோஸைக் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக உடைத்துவிடும். அப்படிக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி எந்தப் பரணியில் வைத்தாலும் சீக்கிரம் இளகும். சுண்ணாம்பு கூடினாலோ ருசி கெடும். இந்த அளவைப் பனையேறி கைப்பழக்கத்தால் அறிவார்.

வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். சடக்கென்று உடைந்து, விரலில் ஒட்டாமல் இருந்தால் மழைக்காலத்தைத் தாங்கும். அப்படிப்பட்ட கருப்பட்டிக்கு விலையைக் குறைத்துப் பேசாதீர்கள். அந்தச் சுண்ணாம்புப் பக்குவத்துக்கும் சேர்த்தே கொடுங்கள்.