செவ்வாய்க்கிழமையும் வெளியூர் விருந்தினரும்

மாணவர்களே! கோடை விடுமுறையில் தாத்தாவும் பாட்டியும் தமிழ்நாட்டிலிருந்து மைசூருக்கு வருகிறார்கள் எனக் கொள்வோம். அவர்கள் தங்குவது மூன்றே நாள். முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு வரும் பாட்டி மறுமுறை எப்போது வருவார் என எவராலும் உறுதி கூற இயலாது. ஆகவே, எந்த இடம் எந்த நாளில், எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதை முன்னரே அறிந்து பயணத்தை வகுத்தல் வேண்டும்.

"செவ்வாயோ வெறுவாயோ" என்று பெரியோர் சொல்வதுண்டு. நாள் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எனினும் மைசூரு விலங்குக் காட்சிசாலையைப் பொறுத்தவரை அது உண்மையே. 1892ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அக்காட்சிசாலைக்குச் செவ்வாய்தோறும் விடுமுறை. அருகிலுள்ள காரஞ்சி ஏரிப் பூங்காவுக்கும் அன்றே விடுமுறை. ஒன்று பூட்டியிருந்தால் மற்றொன்றுக்குச் செல்லலாம் என்னும் எண்ணமும் அங்கே பலிக்காது. சென்னையில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ வெள்ளி. எல்லா இடங்களுக்கும் பொதுவான விடுமுறை நாள் என ஒன்று இல்லை.

விதிக்கு விலக்கும் உண்டு. கூட்டம் மிகுந்த தசரா நாள்களில் காட்சிசாலையைச் செவ்வாய்க்கிழமையும் திறப்பதாக அறிவிப்பதுண்டு. மாறாக, எதிர்பாராமல் மூடப்படுவதும் உண்டு. 2017ஆம் ஆண்டு தொடக்கத்தில் பறவைக் காய்ச்சல் காரணமாகக் காட்சிசாலை ஒரு மாதம் மூடப்பட்டது. 2022 நவம்பரில் சிறுத்தை நடமாட்டத்தால் பிருந்தாவனப் பூங்கா சில வாரங்கள் மூடப்பட்டது. எனவே, சென்ற ஆண்டு வந்துபோன உறவினர் கூறும் தகவல் போதாது. புறப்படுவதற்கு முந்தைய நாள் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்தோ தொலைபேசியில் கேட்டோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாலைப்பொழுதைத் திட்டமிடுவதே கடினம். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912இல் கட்டி முடிக்கப்பட்ட மைசூரு அரண்மனைக்குள் காலை 10 மணி முதல் மாலை 5.30 வரை பார்வையாளர் செல்லலாம். ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒருசேர ஒளிரும் காட்சியோ ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாள்களிலும் இரவு 7 மணியளவில் சிறிது நேரமே நிகழும். பிருந்தாவனத்தின் இசை நீரூற்றும் மாலையில்தான் நடைபெறும். அது நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இரண்டையும் ஒரே ஞாயிறு மாலையில் காண முயன்றால் இரண்டையும் அரைகுறையாகவே காண நேரும். சனிக்கிழமை நீரூற்று, ஞாயிற்றுக்கிழமை அரண்மனை என வகுத்துக்கொள்வது நன்று. காட்சிசாலைக்கு ஒரு முற்பகலை முழுமையாக ஒதுக்குங்கள். அங்கே நடை மிகுதி. பாட்டிக்குச் சக்கர வாகனம் கிடைக்குமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

இவற்றையெல்லாம் யார் விசாரிப்பது? உங்கள் வீட்டில் கன்னடத்தைத் தடையின்றிப் படிப்பவர் பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள். வாயிலில் "மங்களவார ரஜே" என எழுதியிருந்தால், செவ்வாய் விடுமுறை என்று தாத்தாவுக்கு எடுத்துரைப்பவர் நீங்கள்தாம். "சமய" என்று பலகையில் கண்டால் நம் சமயத்தை நினைத்துக் குழம்பாதீர்கள். அங்கே அது நேரத்தைக் குறிக்கும்.

தொடர்வண்டிச் சீட்டைப் பயண நாளுக்கு 60 நாள் முன்பிருந்து முன்பதிவு செய்யலாம். 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது. பழைய கணக்கை நினைவில் வைத்திருக்கும் பெரியோருக்கு இதைச் சொல்லுங்கள். முதியோருக்குக் கீழ்ப்படுக்கை வேண்டுமாயின் முன்பதிவு தொடங்கும் நாளிலேயே பதிவு செய்வது நல்லது. ஊட்டியிலிருந்து மகிழுந்தில் வருவோர் வேறொன்றையும் கணக்கிட வேண்டும். பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைக்கப்பட்டிருக்கும். அரண்மனை விளக்குகளைக் கண்டபின் புறப்பட்டால் அந்நேரத்துக்குள் அங்குச் சென்று சேர்வது அரிது. ஆகவே, ஞாயிறு இரவும் அவர்களை உங்கள் வீட்டிலேயே தங்கச் செய்து, திங்கள் காலையில் வழியனுப்புங்கள்.