ஏழைகள் உணவுக்கு எழுந்து நின்று மரியாதை!

ஸ்காட்லாந்து மக்களின் தேசிய உணவு "ஹாக்கிஸ்".

ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் வேகவைத்துக் கொத்துகிறார்கள். வெங்காயம், கொழுப்பு, ஓட்ஸ் நொய், உப்பு, மிளகு சேர்த்துப் பிசைகிறார்கள். கழுவிய ஆட்டு இரைப்பையில் அதை அடைத்துத் தைக்கிறார்கள். முழுக்க நிரப்பக்கூடாது, நொய் பெருத்தால் பை வெடித்துவிடும்! சுமார் 3 மணி நேரம் வேகவேண்டும்.

ஆட்டில் எதையும் வீணாக்காத ஏழைகளின் சிக்கனம் இது.

உழவர் வீட்டில் பிறந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786-ல் இதைப் புகழ்ந்து பாடினார். அவர் பிறந்த நாள் ஜனவரி 25. அன்றைய விருந்தில் பைக்குழல் முழங்க ஹாக்கிஸ் வருகிறது. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்!

நுரையீரலை உணவில் சேர்க்க 1971-ல் அமெரிக்கா தடை விதித்தது. அங்கே குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் நுரையீரல் இல்லாமலே செய்கிறார்கள். விருந்தை மட்டும் விடவில்லை!