பாம்புக்கடி ஊசி எப்படி தயாராகிறது? விஷத்தை முறிக்கும் குதிரை ரத்தம்

மாமல்லபுரம்:

பாம்பு கடித்தவரை காப்பாற்ற ஆஸ்பத்திரியில் போடும் விஷ முறிவு ஊசிக்கு மூலப்பொருள் என்ன தெரியுமா? பாம்பு விஷமேதான்.

இந்த ஊசிக்கான விஷம் பெருமளவில் போவது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தில் இருந்து. பாம்பு தோல் வியாபாரத்துக்கு தடை வந்ததும் பிழைப்பு போன இருளர்களுக்காக 1978-ல் தொடங்கப்பட்டது. இவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வனத்துறை அனுமதியோடு பிடிக்கும் பாம்புகளை மண் பானையில் வைத்து, துணியால் வாயை கட்டி விடுகிறார்கள். சில வாரம் விஷம் எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என 4 வகைதான்.

குதிரைக்கு விஷ ஊசி

மருந்து கம்பெனிகள் இந்த விஷத்தை துளித்துளியாக குதிரைக்கு ஏற்றுகின்றன. அளவு ரொம்ப குறைவு என்பதால் குதிரை சாகாது. அதன் ரத்தத்தில் விஷத்தை முறிக்கும் எதிர்ப்பு சக்தி ஊறுகிறது. அந்த ரத்தத்தை எடுத்து, பிரித்து, சுத்தம் செய்து குப்பியில் அடைத்தால் மருந்து ரெடி. 4 பாம்புக்கும் இந்த ஒரே மருந்துதான். அதனால் பாம்பை அடித்து ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போக வேண்டியதே இல்லை.

இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 58 ஆயிரம் பேர் பாம்புக்கடியால் சாவதாக 2020-ல் வெளியான ஆய்வு சொன்னது. மந்திரிப்பது, கடிவாயை கீறுவது, இறுக்கி கட்டுவது என்று நேரத்தை விடுவதுதான் பல உயிர்களை வாங்குகிறது.

வலிக்காத கடி

கட்டு விரியன் ரொம்ப மோசம். ராத்திரி தரையில் படுத்திருப்பவரை கடிக்கும். வலியே தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி வரும், கண் இமை தானாக மூடும். வாயுத்தொல்லை என்று சோடா குடித்து படுத்தால் மூச்சு நின்றுவிடும். உடனே 108-க்கு போன் போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம்.

ஒரு குப்பியில் வேலை முடியாது. எடுத்ததுமே 8 முதல் 10 குப்பி வரை ஏற்றுவார்கள். குதிரை ரத்தத்தில் செய்தது என்பதால் சிலருக்கு அரிப்பு, மூச்சுத்திணறல் வரலாம். அதனால்தான் டாக்டர் பக்கத்திலேயே இருந்து கவனிக்கிறார்கள். மெடிக்கலில் வாங்கி வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை இது.