கீறலைக் கீறலால் எடுப்பது

கறுப்புக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும். வெயிலில் நிற்கும் வண்டியின் பானட்டில், சூரியன் பளிச்சென்று தெரியும் இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய வட்டக் கோடுகள். பட்டறைக்காரர்கள் இதை ‘ஸ்வர்ல் மார்க்’ என்கிறார்கள். வட்டம் வட்டமாகத் துடைத்ததால் வந்தது என்று வண்டி துடைப்பவர் மீது பழி போடுவது வழக்கம். ஆனால் அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை வட்டமே இல்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய பள்ளம். பள்ளத்தின் சரிவில் படும் ஒளி அந்தப் பள்ளத்துக்குக் குறுக்காகத்தான் சிதறும். ஆகவே சூரிய பிம்பத்தைச் சுற்றி வளைந்தாற்போல் கிடக்கும் கீறல்கள் மட்டும் நம் கண்ணுக்கு ஒளியை அனுப்புகின்றன. மற்றவை கண்ணில் படுவதே இல்லை. தெரிகிறவற்றை மட்டும் சேர்த்துப் பார்க்கும்போது வட்டம் தோன்றுகிறது. இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், வட்டமும் உங்களோடு நகரும். வீட்டில் பல வருடம் புழங்கிய எவர்சில்வர் தட்டின் மேல் செல்போன் டார்ச்சைப் பிடித்தாலும் இதே வட்டம் வரும்.

இந்தப் பள்ளங்கள் ஆழமானவை அல்ல. காரின் இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 140 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான், அதாவது தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ பாதி. லேசான கீறல்கள் இதன் மேல் ஓரிரு மைக்ரானிலேயே நின்றுவிடுகின்றன, நிறத்தைத் தொடுவதில்லை. வீட்டிலேயே அவற்றை எடுக்க முடிவது அதனால்தான். ஆனால் எடுக்கிற ஒவ்வொரு மைக்ரானும் போனது போனதுதான். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காக்கும் மருந்து கலந்திருப்பது இந்தக் கிளியர் கோட்டில்தான். தென்மாவட்ட வெயிலில் நிற்கும் வண்டிக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். திருமங்கலத்திலிருந்து கொல்லம் வரை போகும் 744-ஆம் எண் நெடுஞ்சாலை இரண்டு ஊரையும் தொட்டுக்கொண்டு போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டச் சமயத்தில் வெட்டவெளியில் வரிசையாக நிற்கும் கார்களைப் பாருங்கள். ஆடிக் காற்று மலையோரத்து மண்ணை எல்லாம் அவற்றின் மேல் கொண்டுவந்து கொட்டியிருக்கும். மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் 1812-ல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில், 10 வைரம் என்றால் குவார்ட்ஸ் 7. ஜன்னல் கண்ணாடிக்குச் சுமார் 5.5. கிளியர் கோட் ஒரு பிளாஸ்டிக், கண்ணாடிக்கும் வெகு கீழே இருப்பது. பெயிண்ட் சோதனைக்கூடத்தில் அதன் கடினத்தைப் பென்சிலால்தான் பார்க்கிறார்கள்: எச்பி, எச், 2எச் என்று வரிசையாகச் சாய்த்து அழுத்தித் தள்ளி, எந்தப் பென்சில் வரை தடம் விழாமல் தாங்குகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். பென்சிலுக்கே தடம் விழக்கூடிய பரப்பின் மேல் குவார்ட்ஸ் தூளைப் போட்டு, உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதைத்தான் நாம் தினமும் காலையில் செய்துகொண்டிருக்கிறோம்.

துணி மெத்தென்றுதானே இருக்கிறது என்று தோன்றும். 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல், பேண்டேஜ் துணிக்குப் பேர்போன பக்கத்துச் சத்திரப்பட்டி வரை, பஞ்சையும் நூலையும் நம்பி வாழும் வட்டாரம் இது. பருத்தித் துணி மேல் இங்கே நம்பிக்கை அதிகம். பருத்தி இழை குற்றவாளி இல்லைதான். ஆனால் மணல் துகள் துணிப்பரப்பில் மாட்டிக்கொண்டால் உள்ளே போக இடமில்லாமல் அங்கேயே நின்று, துணி போகும் இடமெல்லாம் கோடு போடும்.

பருத்திக்கும் கார் பெயிண்டுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை இழைகளின் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1923-ல் ‘டூகோ’ என்ற பெயரில் ஒரு பெயிண்டைக் கொண்டுவந்தது. அதுவரை ஒரு காருக்கு வண்ணம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். டூகோ மணிக்கணக்கில் காய்ந்தது. நம் ஊர்ப் பெயிண்டர்கள் மர பீரோவுக்கு அடிப்பதைக்கூட இன்றும் ‘டூகோ’ என்பது அதன் மிச்சம். அந்தப் பெயிண்ட் அடித்தவுடன் பளபளக்காது. காம்பவுண்ட் என்ற உரசும் பசையைப் போட்டு நன்றாகத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். பழைய பட்டறைகளில் ‘ரப்பிங்’ அன்றாட வேலையானது அப்படித்தான். 1980-களில் கிளியர் கோட் உலகெங்கும் பரவியது. அதற்குத் தேய்க்காமலே பளபளப்பு உண்டு. ஆனால் தேய்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. வருடாவருடம் ரப்பிங் போட்டுத் தரச் சொல்வது காரின் ஆயுளைத் தேய்ப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

பாலிஷ் போடும்போது என்னதான் நடக்கிறது? 1704-ல் வெளியான ‘ஆப்டிக்ஸ்’ நூலில் நியூட்டன் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார். கண்ணாடியை மெருகேற்றுவது என்பது கீறல்களை ஒழிப்பது இல்லை; கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அவற்றைச் சிறிதாக்குவது என்பது அவர் கணிப்பு. இரண்டு நூற்றாண்டு கழித்து இயற்பியலாளர் ராலே பிரபு போன்றவர்கள், மெருகேற்றும்போது பொருள் மூலக்கூறு அளவில் கரைந்தோ நகர்ந்தோ போகிறது என்று வாதிட்டார்கள். உலோகத்திலும் கண்ணாடியிலும் கதை சிக்கலானது. கார் கிளியர் கோட்டைப் பொறுத்தவரை நியூட்டன் சொன்னதே பெரும்பாலும் போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். பள்ளங்கள் அதைவிடச் சிறியவை ஆகிவிட்டால் ஒளியை அவ்வளவாகச் சிதறடிக்க முடியாது. பரப்பு கண்ணாடியாகத் தெரியும். பாலிஷில் இருக்கும் அலுமினா தூளும் கீறத்தான் செய்கிறது. மோஸ் அளவுகோலில் அது 9, குவார்ட்ஸைவிடக் கடினம். ஆனால் துகள் மிகச் சிறியது, மெத்தென்ற ஸ்பாஞ்சு பேடில் பரவலாக அமர்ந்திருப்பது. பெரிய கீறலின் கரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

பாலிஷே இல்லாமல் கீறலை மறைக்கும் வித்தைகளும் உண்டு. கிளியர் கோட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. காற்றும் அதுவும் சந்திக்கும் இடத்தில், நேராக விழும் ஒளியில் 4 சதவீதம் திரும்பி வரும். பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தால் பள்ளச் சுவரிலிருந்து வருவது அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மழையில் நனைந்த கார் புதிதாகத் தெரிவது இதனால்தான். தேங்காய் எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.45. அதைத் தடவினால் பள்ளம் ஏறக்குறைய மாயமாகும், மேலே எண்ணெயின் சமதளம் மட்டும் பளபளக்கும். அடுத்த வாட்டர் வாஷில் கோடுகள் அப்படியே திரும்பும். அதுவரை எண்ணெய் தூசியை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். சில மலிவான பாலிஷ்களில் உள்ள எண்ணெயும் மெழுகும் இதே வேலையைத்தான் செய்கின்றன. கீறலுக்குச் சிலர் தேய்க்கும் பற்பசை வேறு விதம். அதிலும் உரசும் தூள் உண்டு, ஆனால் அது பல்லின் எனாமலை மனதில் வைத்து அளந்தது. பெயிண்டுக்கு வேண்டாம்.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? முதலில் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் மாட்டினால் அது ஆழம், விட்டுவிடுங்கள். பாலிஷ் போட்டு அதை எடுக்க முயன்றால் கிளியர் கோட்டே போய்விடும். மாட்டவில்லை என்றால் வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு ஆறியபின் கழுவுங்கள். ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டே ஷாம்புவில் முக்க வேண்டும். போர்வெல் தண்ணீரில் கழுவினால் தானாகக் காய விடாதீர்கள், உப்புத் தடம் படியும். விளிம்புகளிலும் பிளாஸ்டிக் ஓரங்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், ஏனென்றால் மடிப்புகளில் பெயிண்ட் மெலிதாக இருக்கும். இருப்பதிலேயே மென்மையான ‘ஃபினிஷிங்’ பாலிஷை எடுத்து, அதிகம் கண்ணில் படாத ஓர் அடிச் சதுரத்தில் முதலில் போட்டுப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் உங்கள் வண்டியில் கிளியர் கோட் இல்லை, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கதவுக் கைப்பிடிக் குழியைப் போன்ற சின்ன இடங்களுக்குக் கையே போதும். பானட் முழுவதையும் கையால் செய்தால் தோள் போய்விடும், சீராகவும் வராது. சுழன்றபடியே அசையும் டூயல் ஆக்ஷன் பாலிஷர்தான் வீட்டுக்கு ஏற்றது. ஒரே அச்சில் சுழலும் பட்டறை பஃபிங் மெஷினைப் பழகாதவர் எடுத்தால் ஒரே இடத்தில் சூடேற்றிப் பெயிண்டைக் கருக்கிவிடுவார். இரண்டடிக்கு இரண்டடி எடுத்துக்கொண்டு, முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே, மெதுவாக. முடித்தபின் நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெயை நீக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மை. பத்தில் எட்டுக் கோடு போயிருந்தால் போதும். மீதி இரண்டுக்காக மறுபடி மறுபடி தேய்க்க வேண்டாம். கடைசியில் மெழுகோ சீலண்டோ ஒரு பூச்சு.

இவ்வளவும் செய்துவிட்டு மறுநாள் காலை பழைய துண்டையே எடுத்தால், கொஞ்ச நாளில் வலை திரும்ப வந்துவிடும். மைக்ரோஃபைபர் துணி வாங்குங்கள். 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ கண்டுபிடித்த நுண்ணிழை இதற்கு வழி திறந்தது. நூல் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. மில்லில் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். டெனியர் கணக்கில் நம்பர் இறங்க இறங்க இழை மெலியும். 9,000 மீட்டர் இழை 1 கிராம் இருந்தால் அது 1 டெனியர். மைக்ரோஃபைபர் இழை அதற்கும் கீழே. அடர்ந்து நிற்கும் அந்த இழைகளுக்கு இடையே மணல் துகள் உள்ளே போய் ஒதுங்குகிறது. ஆனால் தரையில் விழுந்த துணியைக் கழுவாமல் காரில் வைக்காதீர்கள். பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும், தனியாகத் துவைக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்குப் பானட்டில் இடும் விபூதிப் பட்டையையும் உலர்ந்த துணியால் தேய்த்து எடுக்க வேண்டாம். சாணச் சாம்பலில் சிலிக்கா உண்டு. அந்தக் காலத்தில் சாம்பல் போட்டுப் பாத்திரம் விளக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீரை ஓடவிட்டாலே விபூதி போய்விடும்.

காலையில் ஒரே வாளித் தண்ணீரோடு நாலைந்து கார் துடைத்துவிட்டுப் போகிறவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு நாம் கொடுத்தது ஒரு வாளியும் கிழிந்த பனியனும்தான். இன்னொரு வாளியும் இரண்டு நல்ல துணியும் வாங்கிக் கொடுத்து, முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டுப் பிறகு துடைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் கூடுதல் நேரத்துக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள்.